படக்கதையும் ஆங்கிலப் பயிற்சியும்

(மல்லசமுத்திரத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனாகிய யான் ஆங்கிலப் பயிற்சியைப் பற்றிப் பேச எழுந்தது உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். அப்பயிற்சிக்குப் படக்கதைப் புத்தகங்களைக் கருவியாகக் கொள்ளலாம் என்று சொல்லத் துணிந்தது அதனினும் வியப்பாயிருக்கும். 'பொம்மை பார்த்துப் பொழுது போக்கவோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?' என்று வினவக்கூடிய பெரியோர் இம்முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றனர். அவர்கட்கே முதற்கண் விடைகூறக் கடமைப்பட்டுள்ளேன்.

நம் பக்கத்து நிலைமையை உள்ளவாறு நோக்குவோம். மல்லசமுத்திரத்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம்மவர் விசைத்தறியாலும் பயிர்த்தொழிலாலும் பருத்தி வாணிகத்தாலும் பிழைப்பவர். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளோடு வட மாநிலங்கட்கும், கடல் கடந்து ஆப்பிரிக்காவிற்கும் செல்வோரும் உளர். தாம் பட்ட பாடு தம் மக்கள் படலாகாது என்று கருதி, கடன்பட்டேனும் ஆங்கிலப் படிப்புக்குப் பொருள் செலவிடுகின்றனர். 1997-ஆம் ஆண்டு சேலத்தினின்றும் பிரிந்த நம் நாமக்கல் மாவட்டம், மதிப்பெண்ணுக்குப் பெயர்போன விடுதிப் பள்ளிகளால் மாநிலமெங்கும் அறியப்பட்டது. ஆயினும் நிகழ்வது யாது? ஆங்கிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பெற்ற மாணாக்கன், கல்லூரியிற் புகுந்த முதல் வாரத்தில் 'நீ எவ்வூரினன்?' என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் வினவினால் தலைகவிழ்ந்து நிற்கின்றான். கடைசி வரிசையில் அமர்ந்து மூன்றாண்டும் வாய் திறவாமலே பட்டம் பெற்றுவந்த பெண்மக்களை யான் அறிவேன். முதலாண்டிலேயே நாணிக் கல்லூரியை விட்டுத் தறிக்குழிக்கும் வண்டிக்கும் திரும்பியோரும் உளர். அவர் திரும்பினும் பெற்றோர் பட்ட கடன் திரும்புவதில்லை.

இதற்குக் காரணம் பிள்ளைகளின் அறிவுக்குறை அன்று. விடையை நெஞ்சிற் பதித்தனர், மொழியைப் பதித்திலர். சொல்லுக்கு நேராகச் சொல்லை வைத்து மனப்பாடம் செய்தவர்க்கு, அச்சொல் எவ்விடத்தில், எவர் வாயில், எம்முகத்தோடு பிறக்கின்றது என்பது தெரியாது.

ஓர் உதாரணம் காட்டுவேன். 'லுக்' என்றால் 'பார்', 'அவுட்' என்றால் 'வெளியே' என்று நம் பிள்ளைகள் கற்றிருக்கின்றனர். ஆகவே 'லுக் அவுட்!' என்பதற்கு 'வெளியே பார்' என்று பொருள் எழுதுவர். பேருந்தின் சன்னலருகே இருப்பவனை நோக்கி ஒருவன் அங்ஙனம் கூவ, இவன் தலையை வெளியே நீட்டுவானாயின் என்னாகும்? படக்கதையிலோ மலையினின்று பாறை உருண்டு வருகின்றது. கீழே நடப்பவனை நோக்கி மற்றொருவன் கண்கள் பிதுங்கக் கையை உயர்த்தி 'லுக் அவுட்!' என்று கூவுகின்றான். ஏழு வயதுச் சிறுவனும் அகராதியைத் தொடாமலே அஃது எச்சரிக்கை என்று அறிந்துகொள்வான், மறக்கவும் மாட்டான்.

'கம் ஆன்' என்பதும் அத்தகையதே. பந்தயத்தில் ஓடுகின்றவனை ஊக்குவோனும் அதனையே சொல்கின்றான். காலந்தாழ்த்தும் தம்பியைக் கடிந்துகொள்ளும் தமக்கையும் அதனையே சொல்கின்றாள். நண்பன் அளப்பதை நம்பாதவனும் புருவத்தை நெரித்து அதனையே சொல்கின்றான். நம் தமிழில் 'போ' என்னும் ஓரெழுத்துச் சொல், தாய் கொஞ்சும்போது ஒன்றாகவும் பகைவன் சினக்கும்போது மற்றொன்றாகவும் ஒலிப்பதில்லையா? தொல்காப்பியனார் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை எண்ணினார். அவ்வெட்டும் முகத்திலும் உடலிலும் தோன்றும் முறையைப் படக்கதை எழுதுவோன் கோட்டினால் காட்டிவிடுகின்றான். சொல்லும் மெய்ப்பாடும் ஒருங்கே கண்ணிற் படுதலின், பொருள் தானே விளங்குகின்றது. ஆங்கிலப் பாடநூலின் உரைநடையில் இவ்வசதி இல்லை.

இனி, 'படக்கதையில் எளிய சொற்களே இருக்கும். அதனால் பயன் சிறிது' என்பாரும் உளர். 1988-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்னும் இருவர் பலவகை எழுத்தையும் பேச்சையும் எடுத்து, அவற்றில் வழக்கருகிய சொற்கள் எத்துணை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தனர். கல்லூரியிற் கற்ற பெரியோர் தம்முள் உரையாடும் பேச்சில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 17; சிறுவர் நூல்களில் ஏறக்குறைய 31; படக்கதைகளில் ஏறக்குறைய 53. எண்ணிக்கை தானே பேசுகின்றது; யான் விரித்துரைக்க வேண்டுவதின்று.

படக்கதை ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்னும் அச்சம் நம் ஊருக்கே உரியதன்று. 1954-இல் அமெரிக்காவில் வெர்த்தாம் என்னும் மனநோய் மருத்துவர், இளைஞர் குற்றங்கட்குப் படக்கதைகளே காரணம் என்று பெருநூல் எழுதினார். அவ்வாண்டே அந்நாட்டு மேலவையில் விசாரணையும் நடந்தது. வெளியீட்டாளர் நடுங்கித் தமக்குத்தாமே கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டனர். பல்லாண்டு கழிந்தபின், காரல் டில்லி என்னும் நூலகவியல் ஆய்வாளர் அம்மருத்துவர் விட்டுச்சென்ற குறிப்புக்களைத் துருவி, அவர் தம் கொள்கைக்கு ஏற்பச் சான்றுகளைத் திரித்தும் மிகுத்தும் எழுதினார் என்று 2012-இல் வெளிப்படுத்தினார். இதனால் எல்லாப் படக்கதையும் நல்லவை என்று யான் சொல்லவில்லை. கொலையும் ஆபாசமும் நிரம்பியவை உள. எதனைக் கொடுப்பது என்று தேர்வது பெற்றோர் கடன். கடைத்தெருவில் கெட்ட பண்டமும் இருக்கின்றது என்பதற்காக உண்ணாதிருப்பார் எவருமிலர்.

படத்தொடரால் கதை சொல்லுதல் மேனாட்டாரிடம் நாம் இரந்து பெற்றதும் அன்று. கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த கோயிலில், நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாக வரிசையாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. சிலவற்றின்மேல் எழுத்தும் பொறித்துளது. படமும் எழுத்துமாகக் கட்டங்கட்டமாய்க் கதை நகரும் அவ்வரிசையைக் கண்டு களித்தவர்க்குப் படக்கதை எங்ஙனம் அந்நியமாகும்?

நிற்க. எந்நூல்களைக் கொள்ளலாம் என்பதே உங்கள் வினா. 1967-இல் அனந்த பை என்பார் தில்லியில் தொலைக்காட்சியில் ஒரு வினாவிடைப் போட்டி கண்டார். கிரேக்கரின் புராணச் செய்திக்கு விடை சொன்ன மாணாக்கர், இராமனைப் பெற்ற தாயின் பெயர் கேட்டபோது விழித்தனர். அதுவே 'அமர் சித்திரக் கதை' தோன்றக் காரணம் என்று அவர் கூறியதுண்டு. பாரதம், இராமாயணம், தெனாலிராமன், நம் சுப்பிரமணிய பாரதியார் வரலாறு முதலியன அவ்வரிசையில் ஆங்கிலத்தில் வந்துள்ளன. தெரிந்த கதையைத் தெரியாத மொழியிற் படிப்பது, நடந்து பழகிய வரப்பில் இருட்டில் நடப்பது போலாம். கால் தானே வழியறியும். அவற்றின் ஆங்கிலம் சற்றே அரசவை நடை; பேச்சுக்கு அவ்வளவாக உதவாது. அசுரரைக் கருநிறத்தராகவும் நல்லோரை வெண்ணிறத்தராகவும் தீட்டினர் என்னும் குறையும் பலரால் கூறப்பட்டுளது. அக்குறை உண்மையே; வெயிலிற் கறுத்த மேனியுடைய நாம் நம் பிள்ளைகட்கு அதனை எடுத்துரைத்தே நூலைக் கையிற் கொடுத்தல் வேண்டும்.

பேச்சு நடைக்கு அதே அனந்த பை 1980-இல் தொடங்கிய 'டிங்கிள்' ஏற்றது. அதில் வரும் சுப்பாண்டி நம்மவன்! திருச்சிராப்பள்ளி வாசகர் ஒருவர் எழுதியனுப்பிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து 1983-இல் பிறந்தவன். எசமானர் சொல்லும் சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பொருள்கொண்டு காரியத்தைக் கெடுப்பதே அவன் தொழில். 'லுக் அவுட்' என்றால் தலையை நீட்டுபவன் அவனேயாவான். அவனைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை, சொற்பொருள் வேறு, கருத்து வேறு என்பதை ஆசிரியர் இன்றியே கற்றுவிடுகின்றது.

இனி யான் மிகவும் வற்புறுத்த விரும்புவது ஒன்று. தமிழிற் படித்த கதையையே ஆங்கிலத்திலும் படிப்பது. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் அவர்கள் 1972-இல் 'முத்து காமிக்ஸ்' தொடங்கி 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டார். உங்களில் நரை கண்ட பலர் அதனைப் பாடப்புத்தகத்தினுள் மறைத்துவைத்துப் படித்தவர்களே, மறுக்க வேண்டா. அஃது 1962-இல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்னும் வார இதழில் 'தி ஸ்டீல் கிளா' என்னும் பெயரால் தொடங்கிய கதை. கையிழந்த ஒருவன் உலோகக் கை பொருத்திக்கொள்கின்றான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து அக்கை மட்டும் தெரிகின்றது. 'ஸ்டீல்' என்பது எஃகு. 'கிளா' என்பது உகிர். 'எஃகு உகிர்' என்று யான் பெயரிட்டிருந்தால் ஒரு பிரதியும் விற்றிராது! பெயர்த்தவர் இரும்பாக்கினார், உகிரைக் கையாக்கினார், மூலத்தில் இல்லாத மாயாவியையும் சேர்த்தார். ஏன் அங்ஙனம் செய்தார் என்று பதினான்கு வயது மாணவன் ஆராயப் புகுவானாயின், இருமொழியின் இயல்பும் அவனுக்கு ஒருங்கே புலப்படும்.

சௌந்திரபாண்டியன் அவர்களின் மகனார் விசயன் 1984-இல் தொடங்கிய 'லயன் காமிக்ஸ்' வழியாக லக்கி லூக், தோர்கல், 'இரத்தப் படலம்' முதலியன தமிழில் வந்துள்ளன. அவற்றை இங்கிலாந்தின் 'சினிபுக்' நிறுவனம் ஆங்கிலத்தில் வெளியிட்டுளது. மூலம் பிரெஞ்சு மொழி. தமிழும் ஆங்கிலமும் இரண்டுமே பெயர்ப்பு. ஆகவே ஒன்று மேல், ஒன்று கீழ் என்னும் பேச்சுக்கே ஈண்டு இடமில்லை. லக்கி லூக் சிறுவர்க்கு. 'இரத்தப் படலம்' கல்லூரிப் பருவத்தார்க்கு. தமிழ் நன்கு படித்த பிள்ளைக்கே இம்முறை விரைந்து பயன்தரும். தமிழைக் குறைத்தால் ஆங்கிலம் வளரும் என்று எண்ணும் பெற்றோர் இதனைக் கருதுவாராக.

சில இடர்ப்பாடுகளும் உள. படக்கதைகளில் பெரும்பாலும் பெரிய எழுத்துக்களே வரும், முதற் பத்துப் பக்கம் பிள்ளை தடுமாறும், பிறகு பழகிவிடும். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லைத் தடித்த எழுத்தால் காட்டுவர். அவ்விடத்தில் குரலை உயர்த்திப் படிக்கப் பழக்கினால் ஆங்கிலத்தின் ஓசை நாவில் ஏறும். 'டோன்ட்', 'ஐல்' என்னும் சுருக்கங்கள் பேச்சுக்கு இன்றியமையாதன. 'கானா', 'எய்ன்ட்' என்பன கேட்டு அறிதற்குரியன, தேர்வுத் தாளில் எழுதுதற்குரியன அல்ல. 'ஆஸ்டிரிக்ஸ்' சிலேடை மலிந்தது. ஆரம்பத்தில் அதனைக் கொடுத்தால் பிள்ளை சலிப்படையும்.

பெரியோர்க்குரிய படநூல்களும் உள. யூதர் பட்ட கொடுமையை எலிகளாகவும் பூனைகளாகவும் வரைந்து ஸ்பீகல்மன் இயற்றிய 'மௌஸ்' 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. நம் நாட்டில் 2011-இல் நவயானா வெளியிட்ட 'பீமாயனா' அண்ணல் அம்பேத்கர் வரலாறு கூறுவது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியராகிய துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் தம்பதியர் வரைந்தது. பள்ளியில் தாகம் எடுத்த சிறுவன் பானையைத் தொடலாகாது. பணியாள் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் இல்லை. அந்நூலில் இன்சொல் பேசுவோர் பேச்சு பறவை வடிவான கூட்டிலும், புண்படுத்துவோர் பேச்சு தேள்கொடுக்கு உடைய கூட்டிலும் எழுதப்பட்டுளது. வள்ளுவர் 'இனியவை கூறல்' என ஓர் அதிகாரம் வகுத்தது படித்த நமக்கு இவ்வோவியத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. நம் சங்கத்தின் பெயரிலேயே சாதி இருக்க, இந்நூலை இவ்வவையில் எடுத்துரைப்பது பொருந்துமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். இவ்வவையில் எடுத்துரைப்பதே பொருந்தும் என்பது என் துணிபு. நம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பது பிறர் துன்பத்தைப் படித்தறிதற்கும் ஆகுக.

படிக்கும் முறையைச் சுருக்கிச் சொல்வேன். முதலில் எழுத்தைப் பாராது படத்தை மட்டும் பார்த்துக் கதை இன்னதென்று தமிழிற் சொல்லச் செய்க. பின்னர் வாய்விட்டுப் படிக்க. அண்ணன் ஒருவனாகவும் தங்கை மற்றொருத்தியாகவும் பேச்சைப் பகுத்துக்கொண்டு நாடகம்போற் படித்தல் நன்று. ஆங்கிலம் அறியாத தாயாரும் அருகிருந்து கேட்கலாம். முகத்தைப் பார்த்தே பிழையைக் கண்டுகொள்வர். மூன்றாம் முறை, பேச்சுக்கூடுகளின்மேல் காகிதத் துண்டை ஒட்டி மறைத்து, படத்தைப் பார்த்துத் தம் சொந்தச் சொற்களால் பேசச் செய்க. நூலில் உள்ளதையே சொல்ல வேண்டும் என்பதில்லை. வேறு சொன்னால் மிகவும் நல்லது. அங்கேதான் மனப்பாடம் ஒழிந்து மொழி பிறக்கின்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டுதல் வேண்டா. மும்முறை வந்தும் விளங்காத சொல்லுக்கு மட்டும் புரட்டுக.

நம் சங்கக் கட்டடத்தின் மாடியறை வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கின்றது. அலமாரி ஒன்றும் பாய் நான்கும் இருந்தால் போதும். சென்ற ஆண்டு விழாவின் பந்தற் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டே நாற்பது புத்தகம் வாங்கலாம். பழம்புத்தகக் கடைகளில் இன்னும் மலிவு. இதனைச் செயற்குழு இம்மாதமே முடிவு செய்தல் வேண்டும். கல்லூரி திறக்குமுன் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவர்க்கு இரண்டு திங்கள் ஓய்வு உளது. அக்காலமே தக்க காலம். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு யான் வந்திருப்பேன். ஆண்மக்களை மட்டும் அனுப்பிப் பெண்மக்களை அடுக்களையில் நிறுத்திவிடாது, இருபாலாரையும் அனுப்புமாறு தாய்மார்களை வேண்டிக்கொள்கின்றேன்.