குளிரை அடைத்த தையல்

அக்டோபர் வந்தாலே ரீல்ஸ் முழுக்க கம்பளி நூலும் பூசணிக்காயும்தான். நான் இன்னைக்குச் சொல்லப்போறது ஜப்பானின் வடக்கே, ஆவோமோரி பக்கத்து ‘கோகின்’ தையல் பற்றி.

எடோ காலத்தில் அங்கே விவசாயிகள் பருத்தி உடுத்தத் தடை. முரட்டு நார்த்துணிதான். இழைகளுக்கு நடுவே பனிக்காற்று புகுந்துடும். அந்த இடைவெளியைப் பெண்கள் நூலால் அடைச்சாங்க. வயல் வேலை ஓய்ந்து பனி மூடும் மாதங்கள்தான் தையலுக்கான நேரம். அழகு அப்புறம் வந்தது. முதல்ல உயிர் பிழைக்கணும்.

முறை எளிது. 1, 3, 5னு ஒற்றைப்படையில் இழைகளை எண்ணி ஊசியை ஓட்டணும். வரிசை ஏற ஏற சாய்சதுரம் தானா உருவாகும். பக்கத்து நான்பு பகுதியில் இரட்டைப்படைக் கணக்கு.

அப்பா போய் ரெண்டு வருஷமாச்சு. அவரோட கதர்த் துண்டு தோள்பட்டை இடத்தில் நைஞ்சு கிடக்கு. தூக்கிப்போட மனசில்லை. அடியில ஒரு துணி வெச்சு, தினம் நாலு வரிசை கோகின் போடறேன்.

நீங்களும் செய்யலாம். இழை தெரியற தடித்த துணி, முனை மழுங்கிய ஊசி, கெட்டி நூல் போதும். நூலை மட்டும் இறுக்கி இழுக்காதீங்க, துணி சுருங்கிடும்.

உங்க வீட்ல தூக்கிப்போட மனசு வராத துணி எது? இந்த மழைக்காலத்துல அதை வெளியில எடுங்க.