கடவத்தைக் காவலும் இணையத்தளக் காவலும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலகெதர என்றதும் கணவாய் நினைவுக்கு வரும். தாழ்நிலத்திலிருந்து கண்டி இராச்சியத்துக்கு ஏறிவருவோர் கடக்கவேண்டிய வாயில்களுள் இஃதொன்று. 1803 ஆம் ஆண்டு பெப்ரவரியில் மக்டொவல் தளபதியின் ஆங்கிலப் படை கண்டிக்கு ஏறியதும் இவ்வழியேதான். அதற்கு முன்பே, அவ்விராச்சியத்தில் கைதியாய் இருந்து 1679 இல் தப்பிய றொபேட் நொக்ஸ், வழிகளில் நின்ற முட்கதவுகளையும் காவலரையும் பற்றி 1681 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். கடந்துசெல்வோர் களிமண்ணிற் பதித்த முத்திரை காட்டவேண்டுமாம். போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனிதன் உருவம். கூலியாளுக்கு இருபுறமும் மூட்டை தொங்கத் தடி சுமந்த மனிதன் உருவம். ஆளையும் முத்திரையையும் பக்கத்திற் பக்கமாய் வைத்துப் பார்த்தாற் போதும், பொய் வெளிப்பட்டுவிடும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு கடவத்தைக் காவலே. பைதன் மொழியில் எழுதிய இணையச் செயலிக்கு, 'பொட்' எனப்படும் தானியங்கி நிரல்களிடமிருந்து பாதுகாப்பு அமைப்பது எங்ஙனம்?

இதற்கு என்ன அவசரம் என்று பெரியோர் கேட்கலாம். 2025 ஜனவரியில், எல்ல செல்லும் புகையிரதத்தின் இணையச் சீட்டுகள் 42 விநாடிகளில் தீர்ந்தன என்று அரசாங்கம் அறிவித்தது. விசாரணையும் கைதுகளும் தொடர்ந்தன. அந்த 42 விநாடிகளில் மனிதக் கை எவ்வளவு, யந்திரக் கை எவ்வளவு என்பது நீதிமன்றத்துக்குரிய விடயம். இந்தியாவிலோ, தட்கல் சீட்டு விற்பனை தொடங்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்வோரிற் பாதிவரை பொட்டுகளே என்று அந்நாட்டு இரயில்வே 2025 ஜூனில் தெரிவித்தது. சீட்டு வேண்டி விடியலில் எழுந்து கைத்தொலைபேசியுடன் காத்திருந்த ஏழையின் கதி என்ன?

பைதன் செயலியில் இக்காவலன் நிற்கும் இடத்துக்கு 'மிடில்வெயார்' என்று பெயர். வெளியிலிருந்து வரும் வேண்டுகோள், செயலியைத் தொடுமுன் கடக்கும் இடைவாயில் அது. ஜாங்கோவில் இவ்வாயில்களின் வரிசையை ஒரு பட்டியலில் எழுதுகிறோம். வேண்டுகோள் மேலிருந்து கீழே வரும், பதில் கீழிருந்து மேலே போகும். ஆகவே காவலனை மேலே நிறுத்துவதே சிக்கனம். ஆனால் பயனர் இன்னாரென்று அறிந்து எண்ண விரும்பினால், உள்நுழைவை அறியும் அடுக்குக்குக் கீழேதான் நிறுத்தவேண்டும்.

காவலன் எதைப் பார்ப்பான்? வருகிறவர் தம்மைப் பற்றிச் சொல்லும் பெயரை நம்பலாகாது. கூகிளின் தேடல் நிரல் என்று சொல்லி வருவனவெல்லாம் கூகிள் அல்ல. முகவரியிலிருந்து பெயரையும், அப்பெயரிலிருந்து முகவரியையும் திரும்பத் தேடி ஒப்பிட வேண்டும். நொக்ஸ் கண்ட களிமண் முத்திரையின் நியாயம் இதுவே. 1994 முதல் வழக்கிலுள்ள 'ரொபொட்ஸ்' கோப்போ வெறும் வேண்டுகோள், வேலியன்று.

அடுத்தது எண்ணிக்கை வரம்பு. ஒரு முகவரிக்கு நிமிடத்துக்கு 20 வேண்டுகோள் என்று வைக்கிறோம். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் போன்றதோர் இடைவழங்கி நின்றால், வருவோர் யாவரும் அதன் ஒரே முகவரியிலிருந்து வருவதாகவே தோன்றும். ஊர் முழுவதும் ஓராளாகி, எல்லோருக்கும் கதவு சாத்தப்படும். இடைவழங்கி எழுதியனுப்பும் உண்மை முகவரியைப் படிக்கலாம்; ஆனால் அதே குறிப்பை வருகிறவனே பொய்யாக எழுதி வரவுங்கூடும். நம் முன் எத்தனை இடைவழங்கிகள் உள என்று எண்ணிச் சொல்லி, அவை எழுதியதை மட்டும் நம்பச் செய்தல் வேண்டும். பிளாஸ்க் பயன்படுத்துவோர்க்கு 'புரொக்ஸிபிக்ஸ்' என்பது இதற்கென்றே உண்டு. இன்னொன்று: செயலி நான்கு பிரதிகளாக ஓடி, ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொண்டால், 20 என்ற வரம்பு 80 ஆகிவிடும். எனவே கணக்கை ரெடிஸ் போன்ற பொது ஏட்டில் வைக்கவேண்டும்.

இனி, என் மனதை உறுத்தும் விடயத்துக்கு வருகிறேன். கைத்தொலைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் பின்னால் நிறுத்துவது உலக வழக்கம். நமது சங்கம் பரீட்சை வழிகாட்டி வகுப்புக்கு இணையத்தில் விண்ணப்பம் கோருவதாக வைத்துக்கொள்வோம். தோட்டத்து லயங்களிலிருந்து முப்பது பிள்ளைகள் ஒரே மாலையில் விண்ணப்பித்தால், வரம்பின் கண்ணுக்கு அவர்கள் ஒரே பொட்! வெளிநாட்டிற் பல முகவரிகளை வாடகைக்கு எடுத்த கள்வனோ சுகமாக உள்ளே வந்துவிடுவான். புதிர்க்கணக்குப் போட்டு வரச்சொல்லும் காவலும் இப்பொழுது பரவியிருக்கிறது. புதிய கணினிக்கு அது விளையாட்டு. அக்காளிடமிருந்து தம்பிக்கு வந்த பழைய தொலைபேசிக்கோ மூச்சுத் திணறும்.

ஆதலின், படிக்கும் பக்கங்களுக்கு வரம்பைத் தாராளமாக விட்டு, விண்ணப்பம், உள்நுழைவு போன்ற இடங்களில் மட்டும் இறுக்குவதே என் கட்சி. படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்தால், கண்டதையெல்லாம் நிரப்பும் பொட் அதையும் நிரப்பித் தானே அகப்படும். பிள்ளைகளுக்கு எத்தொல்லையும் இல்லை. எந்தக் காவலையும் முதல் ஒரு வாரம் தடுக்காமல், யாரைத் தடுத்திருப்போம் என்று குறிப்பெழுத மட்டும் விடுங்கள். அக்குறிப்பைச் சங்கத்தார் இருவர் இருந்து படிக்கட்டும்.

தடுத்தேயாக வேண்டியபோது 429 என்ற வெறும் இலக்கத்தைக் காட்டி அனுப்பாதீர்கள். எத்தனை விநாடி பொறுத்து மீண்டும் வரலாம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அதன் கீழே சங்கச் செயலாளரின் தொலைபேசி இலக்கத்தையும் போடுங்கள்.