நமது அடுப்பங்கரையும் நாளைய ஆரோக்கியமும்





உடலும் அதன் ஆரோக்கியமும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அந்த அமானிதத்தை அன்றாடம் நமது அடுப்பங்கரையில் எவ்வாறு பேணுகின்றோம் என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நீரிழிவு பற்றிய விரிவான ஆய்வொன்று நடத்தப்பட்டது. வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு அந்நோய் இருந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். மேல் மாகாணத்தில் நோய் மிகக் கூடுதலாகவும், நமது ஊவா மாகாணத்தில் மிகக் குறைவாகவும் காணப்பட்டது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடந்த மற்றொரு தேசிய ஆய்வோ, நாட்டில் வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேர் நீரிழிவு உடையோர் எனக் காட்டியது. ஒரு தலைமுறை வளர்ந்து வருவதற்குள் ஏற்பட்ட மாற்றம் இது.

ஊவா மக்களின் இரத்தத்தில் தனியான பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை. அவர்களது வாழ்க்கை முறையே பெரிதும் துணை நின்றது எனலாம். சேனையில் விளைந்த குரக்கன், தவிடு நீங்காத சிவப்பரிசி, பயறு, கௌபி, பலாக்காய், ஈரப்பலாக்காய், வல்லாரை, முருங்கைக்கீரை, இலைக்கஞ்சி ஆகியனவே அன்றாட உணவாயின. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியில் அதன் மிகச் சிறு பங்கே உண்டு. மலைச்சரிவில் ஏறி இறங்கி உழைத்த உடலுக்கு உண்டது செரித்தது. வட்டிலப்பமும் இறைச்சிச் சோறும் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் உரியனவாக இருந்தன.

இன்று நிலைமை என்ன? கோதுமை நமது மண்ணில் விளைவதில்லை. எனினும் தோட்டப்புறத்தில் காலையிலும் இரவிலும் கோதுமை மா ரொட்டி; நகரத்தில் பாண், கொத்து ரொட்டி, ரோல்ஸ். நாளுக்குப் பலமுறை சீனி மிகுந்த தேநீர். பெருநாள் உணவு வாரந்தோறும் வருகின்றது. முன்னர் நடந்து சென்ற தூரத்துக்கு முச்சக்கர வண்டி வருகின்றது. எல்லையற்ற தூரம் கடந்து எல்லக்கு வரும் வெளிநாட்டார் நமது மலைகளில் ஆசையோடு நடக்கின்றனர். அம்மலைகளில் பிறந்த நமது பிள்ளைகளோ கைத்தொலைபேசியோடு அமர்ந்திருக்கின்றனர்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி ஒன்றுண்டு. 2016 ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தோர் நாடளவில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய போஷாக்குப் பெறாத உடல், பிற்காலத்தில் மாவும் சீனியும் கொழுப்பும் மிகும்போது நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் எளிதில் ஆளாகின்றது என மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. முதலில் பசியாலும் பின்னர் மிகையாலும் அதே உடல் இருமுறை தாக்கப்படுகின்றது. கர்ப்பிணிக்கு முட்டை, பருப்பு, கீரை, சிறுமீன் ஆகியவற்றில் இயன்றதைக் கொடுப்பது, பிறக்கப்போகும் பிள்ளையின் ஐம்பதாவது வயதுக்கும் நாம் செய்யும் உதவியாகும்.

பழைய உணவெல்லாம் நல்லதென்று நாம் கூறவில்லை. உப்பு மிகுந்த கருவாடும் ஊறுகாயும் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். குரக்கனும் மாச்சத்து உணவே. அதையும் அளவின்றி உண்டால் இரத்தத்தில் சீனி ஏறும். கருப்பட்டியும் சீனியின் இனமே. ஆகவே தனியொரு பண்டத்தை மருந்தாகக் கருதாது, அக்காலத்து உணவு முறையின் ஒழுங்கையே நாம் மீட்க வேண்டும். தட்டில் சோறு குறையட்டும். கீரையும் பருப்பும் மரக்கறியும் கூடட்டும். வயிற்றை முற்றாக நிரப்பாது, நீருக்கும் மூச்சுக்கும் இடம் விட்டு உண்ணும் நபிவழி நமக்குப் புதியதன்று. பகலெல்லாம் நோன்பிருந்துவிட்டு, இஃப்தாரில் எண்ணெய்ப் பண்டங்களையும் நிறமூட்டிய பானங்களையும் குவிப்பது அந்நோன்பு தரும் பயிற்சிக்கு அழகாகுமா? பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும் எவ்வளவு நிறைவானவை!

இளைஞர்களே! குளிர்பானப் போத்தல்களில் 2016 முதல் நிற அடையாளம் இடப்படுகின்றது. சிவப்பு நிறமெனில் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உண்டென்பது பொருள். வாங்குமுன் அந்த வட்டத்தைப் பாருங்கள். தேநீரில் ஒரு கரண்டி சீனியைக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பள்ளிக்கும் கடைக்கும் நடந்து செல்லுங்கள்.

பெற்றோர்களே! முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் அரசாங்க வைத்தியசாலையில் சீனி, இரத்த அழுத்தம் ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வருத்தம் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லையென்று எண்ணிவிட வேண்டாம். வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கையையும் ஒரு பாத்தி வல்லாரையையும் நடுங்கள். வாரத்தில் இரு நாட்களேனும் கோதுமை ரொட்டியின் இடத்தில் குரக்கன் ரொட்டியை வையுங்கள். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் உண்பதையே பார்த்துக் கற்கின்றனர்.

வல்ல நாயன் நமக்கும் நமது சந்ததிகளுக்கும் நிறைந்த ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.