மன்னிப்புக் கேட்க மறந்தவர்கள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்கள் வகுப்புக்குத் தரப்பட்ட தலைப்பு 'அன்றாட வாழ்வில் இரக்கம், மன்னிப்பு, அன்பு'. ஐந்து பேர் கூடியிருந்து எழுதியதை இன்று ஒருவர் வாசிக்கிறோம். ஆகவே இதில் 'நாங்கள்' என்று வரும் இடமெல்லாம் உண்மையாகவே நாங்கள் ஐவரும்தான்.

இந்தப் பள்ளி எங்களுக்கு இந்த மூன்றையும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பழக்கமாகத் தந்தது. தவக்காலம் வந்தால் தேநீருக்குச் சீனியை விட்டுவிடுவோம். மிச்சமாகும் சதங்கள் தகர உண்டியலில் விழும். சின்னப் பிள்ளைகளின் வாளிகளைக் கிணற்றிலிருந்து பெரிய பிள்ளைகள் தூக்கி வர வேண்டும். சமையலறை அம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது எங்களில் ஒருவரின் நிரந்தர வேலை. எங்கள் வகுப்பில் கிறிஸ்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. சிவராத்திரிக்குக் கண்விழித்த பிள்ளைதான் அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு மெழுகுதிரி பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆகவே கிறிஸ்தவப் பண்பு என்று நாங்கள் இங்கே சொல்லும்போது யாரும் வெளியே நிற்பதாக எண்ண வேண்டாம்.

இரக்கத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. இந்த மாவட்டம் அதைக் கண்ணால் கண்டிருக்கிறது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் களுபஹன தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த வாரம் அரிசியும் பாயும் உடுப்பும் எங்கிருந்தெல்லாம் வந்தன என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. விகாரையில் சமைத்த சோற்றை மாதா படம் மாட்டிய வீட்டார் சாப்பிட்டார்கள். பேரிடர் வந்தால் எங்கள் ஆட்களுக்கு இரக்கம் தானாகவே சுரக்கும். அதற்கு உரை எதுவும் தேவையில்லை.

கடினமானது மன்னிப்பு. இங்கேதான் நாங்கள் சின்ன வயதில் ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொண்டோம் என்று நினைக்கிறோம். மன்னிப்பது என்றால் பேசாமல் இருப்பது என்று நினைத்துக்கொண்டோம். பொறுத்துப் போ, விட்டுக்கொடு, பெரிதாக்காதே. பெண் பிள்ளைகளுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை, வீட்டிலேயே ஊறிவிடும். தோட்டத்துப் பெண்ணுக்கு இரண்டு மடங்கு ஊறும். பெரட்டுக்களத்தில் பெயரை விட்டுவிட்டால் பொறு, கணக்கில் ஒரு நாள் குறைந்தால் பொறு, குடித்துவிட்டு வருகிறவனையும் பொறு. இதற்கெல்லாம் வேதத்தின் பெயரையும் சேர்த்துவிட்டால் வாயைத் திறக்கவே முடியாது.

வேதம் அப்படிச் சொல்லவில்லை. எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டதும், எழுபது தரம் ஏழு என்ற பதிலும் எல்லாருக்கும் மனப்பாடம். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உனக்குத் தவறு செய்தவனிடம் தனியாகப் போய்ப் பேசு, கேட்கவில்லையா, ஒருவர் இருவரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்கவில்லையா, சபைக்கே சொல் என்று படிப்படியாக இயேசு சொல்கிறார். பேசச் சொல்லிவிட்டுத்தான் மன்னிக்கச் சொல்கிறார்.

நமது நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையில், கட்டுவாப்பிட்டியில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், கொழும்பு ஹோட்டல்களில் குண்டு வெடித்தது. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற பிள்ளைகள் பலர் போனார்கள். சில நாட்களுக்குள் அந்தச் சபையின் போதகர் ரொஷான் மகேசன், செய்தவர்களையும் அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம், நேசிக்கிறோம் என்று சொன்னார். வலிக்கிறது, கோபமும் இருக்கிறது என்பதை மறைக்காமல்தான் சொன்னார். அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் மன்னித்துவிட்டோம் என்றார். அதற்குப் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டாரா? உண்மை வெளிவர வேண்டும், பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று தொடர்ந்து கேட்டார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர்களையும் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. மன்னித்துவிட்டு எதற்கு வழக்கு என்று அப்போது சிலர் கேட்டார்கள். மன்னித்தவருக்குப் பழிவாங்கும் ஆசை போய்விடுகிறது. உண்மையைக் கேட்கும் உரிமை போவதில்லை.

அந்த நாட்களில் எங்களுக்கும் ஒரு சோதனை இருந்தது. குண்டு வெடித்த இடங்கள் தூரம், மாவனெல்லை பக்கம். 2018 டிசம்பரில் அங்கே புத்தர் சிலைகளை உடைத்தவர்கள் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவர்கள் என்று தெரிந்ததும், அந்த ஊர் முஸ்லிம்கள் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தைப் பிடிக்கப் பொலிசுக்கு உதவியவரும் ஒரு மாவனெல்லை முஸ்லிம்தான், அதற்காக 2019 மார்ச்சில் அவர் தம் வீட்டிலேயே சுடப்பட்டார் என்பது அப்போது பலருக்கு நினைவில் இல்லை. எங்களில் ஒருவர் இருபது வருடமாகத் துணி வாங்கிய கடையைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு இரண்டு மாதம் நடந்திருக்கிறார். கடைக்காரர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. மன்னிக்க வேண்டியவர் அவர்தான்.

மன்னிப்பு என்றதும் நாங்கள் எப்போதும் எங்களை மன்னிக்கிற இடத்திலேயே வைத்துப் பார்க்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் பிறந்த ராணி மரியா என்ற அருட்சகோதரியை இங்கே பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மத்தியப் பிரதேசத்தில், வட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்ட ஏழை விவசாயிகளோடு வேலை செய்தார். அதனாலேயே 1995 பெப்ரவரி 25ஆம் திகதி இந்தூருக்குப் போகிற வழியில் பஸ்ஸில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். அவருடைய தங்கை செல்மி பவுலும் அதே சபையில் கன்னியாஸ்திரி. 2002இல் அவர் சிறைக்குப் போய், கொலை செய்த சமுந்தர் சிங்கின் கையில் ராக்கிக் கயிறு கட்டி அண்ணனாக ஏற்றுக்கொண்டார். 2017 நவம்பர் 4 அன்று ராணி மரியா இந்தூரில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபோது, அந்த மனிதரும் கூட்டத்தில் இருந்தார். தங்கை கட்டிய கயிற்றைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அக்காவின் அன்பு சில பேருக்குக் கோபமூட்டிய அன்பு என்பதையும் மறக்கக் கூடாது. லயத்துக்கு லயம் நுண்கடன் வசூலிப்பவர்கள் வரும் காலத்தில், அந்த அக்காவின் பக்கம் எங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

1978ஆம் ஆண்டு தவக்காலத்தில் எங்கள் விடுதி அறையில் இருந்த காணிக்கைத் தகரம் காணாமல் போனது. உள்ளே 12 ரூபாய் 60 சதம். அறையில் ஒன்பது பேர் இருந்தோம். எட்டுப் பேர் கடைவீதிப் பிள்ளைகள், உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள். ஒருத்தி மட்டும் புளத்கொஹுபிட்டியப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவள். அவளுடைய அம்மா பால் வெட்டுகிறவர். யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய தகரப்பெட்டியை மட்டும்தான் திறக்கச் சொன்னோம். நாங்கள்தான் சொன்னோம், பெரியவர்கள் யாரும் அல்ல. உள்ளே இரண்டு உடுப்பு, அரைக்கட்டி சவர்க்காரம், அம்மா கொடுத்துவிட்ட ஒரு பொட்டலம் பொரிமா.

ஆறாம் நாள் தகரம் சிற்றாலயத்தில், பூச்சாடிகளுக்குப் பின்னால் கிடைத்தது. அலங்காரம் செய்யப் போன எங்களில் ஒருத்தி வைத்துவிட்டு மறந்திருக்கிறாள். நாங்கள் சிரித்துக்கொண்டோம். அவளிடம், "சரி, மனசுல வச்சிக்காத, மன்னிச்சிரு" என்றோம். அவள் தலையாட்டினாள். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. இந்தியாவுக்குப் போய்விட்டார்களாம் என்று யாரோ சொன்னார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட் கிடைத்த குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. நம்புவதற்கு வசதியான பதில். நம்பிவிட்டோம்.

அவர்கள் போகவில்லை. இந்த மலருக்காகப் பழைய வகுப்புப் பெயர்களைத் தேடியபோதுதான், இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் வரும் தோட்டத்திலேயே அவர் இத்தனை காலமும் இருந்திருக்கிறார், பல வருடம் முன்பள்ளியில் படிப்பித்திருக்கிறார் என்று தெரிந்தது. எங்களில் இருவர் போனோம். "வாங்க, உக்காருங்க" என்றார். பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் வந்தன. பேத்தியின் பரீட்சை பற்றிப் பேசினோம், ரப்பர் விலை பற்றிப் பேசினோம். எழும்ப வேண்டிய நேரம் வரைக்கும் எங்களுக்கு வாய் வரவில்லை. பிறகு தகரத்தைச் சொன்னோம்.

கொஞ்ச நேரம் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நா மன்னிச்சி ரொம்ப நாளாச்சி. மன்னிக்காட்டி அந்தப் புள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுத்திருக்க முடியாது. ஆனா நீங்க யாரும் வந்து கேக்கலியே" என்றார். அப்போதே கேட்டோமே என்று எங்களில் ஒருவர் சொல்லப் பார்த்தார். "அப்போ மன்னிச்சிருன்னு எனக்குச் சொன்னீங்க. நாங்க செஞ்சது பிழைன்னு சொல்லல. பெட்டிய எல்லார் முன்னாலயுந்தானே தொறந்தீங்க?"

காணிக்கை செலுத்த வரும்போது உன்மீது ஒருவருக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தருகே விட்டுவிட்டு முதலில் அவரிடம் போ என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நாங்கள் நாற்பது வருடத்துக்கும் மேலாகக் காணிக்கையைச் செலுத்திக்கொண்டே இருந்திருக்கிறோம்.

ஆகவே எல்லார் முன்னாலும் சொல்கிறோம். தங்கையே என்று அழைக்கலாமோ தெரியவில்லை, எங்கள் வயதுதான். அன்று உன் பெட்டியை மட்டும் திறக்கச் சொன்னது நீ லயத்திலிருந்து வந்தவள் என்பதால்தான். வேறு காரணம் இல்லை. தகரம் கிடைத்த பிறகும் உன்னிடம் பிழையை ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் செய்தது பிழை. எங்களை மன்னித்துவிடு.

அவர் இன்று வரவில்லை. மழைக்காலம், முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது என்றார். இந்த உரை மலரில் அச்சானதும் ஒரு பிரதியைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். படிவரைக்கும் வந்து வழியனுப்பும்போது, "சரி, அப்ப ஐஞ்சு பேருமா வாங்கடி" என்றார்.