தீட்டு நிற்கும் வயதில் நாம் தெரிந்திருக்க வேண்டியவை

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் பிரிவின் அமைப்பாளர் ஆற்றிய உரை)



இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று தலைவர் என்னிடம் கேட்டார். "பொம்பளைகளுக்குத் தீட்டு நிக்கிறதப் பத்தி" என்றேன். "அத எப்படியம்மா நோட்டீஸ்ல போடுறது?" என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் "பெண்கள் சுகாதாரம்" என்று போட்டிருக்கிறார்கள். சம்பளம், ஈ.பி.எஃப்., வீட்டுக் காணி எல்லாவற்றையும் மைக் பிடித்துப் பேசுகிறோம். நம்முடைய உடம்பைப் பற்றி மட்டும் காதோடு காதாகத்தான் பேசுகிறோம். இன்று கொஞ்சம் சத்தமாகப் பேசுவோம்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு அப்போது 47 வயது. காலை ஒன்பது மணி இருக்கும், மூடுபனி விலகவில்லை. பக்கத்து நிரையில் நின்றவர்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டியது போல ஒரு சூடு எழும்பிக் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறியது. வியர்வை ஊற்றியது. படங்கை அவிழ்த்துப் போட்டேன். ஐந்து நிமிடம்தான். பிறகு ஈர ஜாக்கெட்டோடு நடுங்கினேன். இது ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வந்தது. காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் குடித்தேன். முனி அடித்திருக்கும் என்று மாமியார் சொல்ல, பூசாரியிடம் நூல் கட்டினேன். எனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே இரண்டு வருடம் போனது. மிட்வைஃப் மிஸ் என்று நாம் கூப்பிடும் மருத்துவமாதுதான் உட்கார வைத்து விளக்கினார். அவர் சொன்னதும், அதன் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தப் பேச்சு.

பெண்ணின் வயிற்றில் கருப்பைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சூலகங்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோனைப் பெரும்பாலும் சுரப்பது அவைதான். வயது ஏறும்போது அவை மெல்ல வேலையைக் குறைக்கும். பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் மாதவிலக்கு நின்றுவிடும். வேறு காரணம் எதுவும் இல்லாமல் முழுதாக 12 மாதம் தீட்டு வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் சில வருடங்கள் ஒழுங்கில்லாமல் ஓடும். ஒரு மாதம் முந்தும், மூன்று மாதம் வராது, திடீரென்று அதிகமாகப் போகும். இது நோய் இல்லை. வயதுக்கு வந்தது போல இதுவும் ஒரு பருவம். ஆனால் நோய் இல்லை என்பதற்காகக் கஷ்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

என்னென்ன வரும்? நான் சொன்ன சூடு. இரவில் பாய் நனைகிற அளவுக்கு வியர்வை. தூக்கம் கலைவது. மூட்டு வலி, நெஞ்சு படபடப்பு, மறதி, காரணமில்லாத எரிச்சல், அழுகை. கீழே வறட்சி, அதனால் கணவனோடு சேரும்போது வலி. சிறுநீர் எரிச்சல், தும்மினால் ஒழுகுவது. எல்லாம் எல்லோருக்கும் வராது. சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும். சிலருக்கு ஏழு வருடம்கூட இழுக்கும்.

இதை லயத்துக் காம்பராவில் வைத்துப் பாருங்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிறோம். நடுச்சாமத்தில் வேர்த்து எழும்பினால் சேலை மாற்ற மறைவு இல்லை. இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தால் "என்னடி பேய் பிடிச்ச மாதிரி" என்கிறார்கள். இரண்டு மணிக்கு விழித்தவள் நாலரைக்கு அடுப்பு மூட்டி, பெரட்டுக்குப் போய், சரிவில் ஏறிக் கொழுந்து எடுக்க வேண்டும். அன்றைக்குக் கிலோ குறைந்தால் அரைப் பேர். உடம்பின் கஷ்டம் அப்படித்தான் சம்பளக் கஷ்டமாகிறது. இது சங்கம் பேச வேண்டிய விடயம் என்று நான் சொல்வது அதனால்தான்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

சூடு வருகிறவர்கள் தடித்த ஒரே சட்டையைப் போடாமல், மெல்லிய பருத்தி உடுப்பை இரண்டு மூன்றாகப் போடுங்கள். சூடு ஏறும்போது மேலே உள்ளதைக் கழற்றலாம், குளிரும்போது போட்டுக்கொள்ளலாம். தண்ணீர்ப் போத்தல் கூடையோடு இருக்கட்டும். சூடு வரும்போது நின்று, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இன்னும் மெதுவாக வெளியே விடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி, அதிக உறைப்பு, சாராயம் ஆகியவை பலருக்குச் சூட்டைக் கிளப்பும். உங்களுக்கு எது கிளப்புகிறது என்று கவனித்துக் குறையுங்கள். பின்னேரத்துக்குப் பிறகு சாயம் குடிக்காமல் விட்டால் தூக்கமும் கொஞ்சம் சரியாகும்.

சிறுநீர் ஒழுகுவதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி ஐந்து வரை எண்ணி விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. நிரையில் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். வறட்சிக்கு ஜெல், கிரீம் எல்லாம் உண்டு. வைத்தியரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். சூடும் வியர்வையும் தாங்க முடியாமல் இருந்தால் ஓமோன் சிகிச்சையும் இருக்கிறது. அது எல்லோருக்கும் ஏற்றதல்ல. மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்கட்டி வந்தவர்கள் போன்றோருக்குப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். வைத்தியர் பரிசோதித்துத்தான் முடிவு செய்வார். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிக் குடிக்காதீர்கள்.

அடுத்தது எலும்பு. ஈஸ்ட்ரஜன் குறைந்ததும் முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேயும். மழையில் சரிவில் வழுக்கிக் கையை ஊன்றும்போது மணிக்கட்டு முறிவது இந்த வயதில்தான் கூடுதல். நெத்தலிக் கருவாட்டைத் தலையோடும் முள்ளோடும் சமையுங்கள். முருங்கைக் கீரை, குரக்கன், எள்ளு, முடிந்தால் பால், தயிர் சேருங்கள். காலையிலும் மத்தியானத்திலும் ரொட்டியும் சம்பலும் மட்டும் என்றால் எலும்புக்குப் போதாது. வேலியோரம் ஒரு முருங்கைக் கம்பு நட எந்தத் துரையிடமும் கேட்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்!

இன்னொன்று. நம்மில் பலருக்கு இரத்தம் குறைவு. நிற்கும் காலத்தில் அதிகமாகப் போனால் இன்னும் குறையும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. நாம் பறிக்கிற இலைதான், குறை சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

சில பேச்சுகளைத் திருத்த வேண்டும். "தீட்டு நின்னா கெட்ட இரத்தம் உடம்புல தங்கிரும்" என்கிறார்கள். எதுவும் தங்காது. வெளியேற வேண்டிய இரத்தமே உண்டாவதில்லை. "எல்.ஆர்.டி. ஒப்பரேஷன் செஞ்சதாலதான் இந்தச் சூடு" என்கிறார்கள். அந்தச் சத்திர சிகிச்சை குழாயைத்தான் மூடுகிறது. சூலகம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். இரண்டு சூலகங்களையும் எடுத்தால்தான் உடனே எல்லாம் நிற்கும். "இனிப் பிள்ளை தங்காது" என்று 47, 48 வயதில் நம்பியிருந்து, முழுகாமல் ஆனவர்களும் உண்டு. கடைசித் தீட்டு 50 வயதுக்கு முன் என்றால் இரண்டு வருடம், 50க்குப் பின் என்றால் ஒரு வருடம் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது சொல்வதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது.

என்னோடு ஒரே நிரையில் இருபது வருடம் கொழுந்து எடுத்த ஒரு அக்கா இருந்தார். தீட்டு நின்று இரண்டு வருடம் கழித்து மறுபடி இரத்தம் பட்டது. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "அக்காவுக்கு வயசு திரும்புது" என்று சிரித்தோம். அவரும் சிரித்தார். பேர் போய்விடும் என்று கிளினிக் போகவில்லை. எட்டு மாதம் பழந்துணியை வைத்துச் சமாளித்தார். கடைசியில் வயிற்று வலி தாங்காமல் போனபோது மஹரகமைக்கு அனுப்பினார்கள். கருப்பையில் புற்றுநோய், பரவிவிட்டது. இன்று அவர் இல்லை. அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அதனால் சொல்கிறேன். நின்று 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். பெரும்பாலும் சின்னக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது வைத்தியர், நாம் அல்ல. நிற்கும் காலத்தில் ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு துணி நனைந்தாலும், பெரிய கட்டியாகப் போனாலும், சேர்ந்த பின் இரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும். 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும்.

எங்கே போவது? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. நாட்டில் 1996 முதல் இருக்கிறது, இலவசம். 35 வயதைத் தாண்டியவர்கள் போகலாம். பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை எல்லாம் அங்கே செய்வார்கள். தீட்டு நின்ற பிறகு மாரடைப்பு ஆபத்தும் கூடும் என்பதால் பிரஷரையும் சீனியையும் பார்ப்பது அவசியம். நாள், இடம் மருத்துவமாதுவுக்குத் தெரியும். வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிற அளவுக்கு மனம் சோர்ந்தால் 1926க்குப் பேசுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம்.

அண்ணன்மாரே, தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் அவள் எரிந்து விழுந்தால் உடனே திருப்பி எரிந்து விழாதீர்கள். இரவு அவள் தூங்கினாளா என்று கேளுங்கள். காலையில் இரண்டு குடம் தண்ணீர் நீங்கள் தூக்கினால் மீசை இறங்காது. அவள் வேண்டாம் என்கிற இரவில் சந்தேகப்படாதீர்கள். அவளுக்கு வலிக்கிறது.

சங்கத் தலைவர்களிடம் நான் கேட்பது இது. 2021இல் வந்த சட்டம் தனியார் துறைத் தொழிலாளரின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. அப்படியென்றால் இந்தப் பருவம் முழுவதையும் நாம் மலையில்தான் கழிக்கப் போகிறோம். மலையில் கக்கூஸ் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்துச் சலக்கடுப்பில் கஷ்டப்படுகிறார்கள். நடக்கிற தூரத்தில் கக்கூஸும் தண்ணீரும் வேண்டும். கிளினிக் போகிற நாளில் பேர் வெட்டக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கிளினிக்கைத் தோட்டத்துக்கே வரவழைக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இந்த மூன்றையும் மேசையில் வையுங்கள். எழுதித் தருகிறோம், மாதர் பிரிவில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம்.

கடைசியாகத் தங்கச்சிமாரே, இன்று இரவு உங்கள் அம்மாவிடம், மாமியாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "அம்மா, உங்களுக்கு நின்ன பிறகு எப்பவாவது இரத்தம் பட்டிச்சா?" என்று. "ஆமா" என்று சொன்னால் நாளைக்கு பெரட்டுக்குப் போக வேண்டாம். கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த ஒரு நாள் பேரை நாம் பிறகு உழைத்துக்கொள்ளலாம்.