குடியை விட நினைக்கும் தோழருக்கு

(அத்திப்பட்டில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் குடியைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். வாங்கிய கூலி வீட்டு அடுப்புவரை போய்ச் சேருகிறதா என்பதும் கூலிப் பிரச்னைதான். அனல்மின் நிலையத்தில் கரியிலும் சாம்பலிலும் புரண்டு வருகிறவனுக்கும், மீஞ்சூர்ப் பக்கம் வரப்பு வெட்டி வருகிறவனுக்கும் உடம்பு வலி பொய்யல்ல. வலிக்கு மருந்து என்று தொட்டது, சிலருக்குப் பிறகு அதுவே நோயாகிவிடுகிறது.

1948-ல் மாகாணம் முழுவதும் வந்த மதுவிலக்கை 1971-ல் தளர்த்தினார்கள். 2003 முதல் சர்க்காரே டாஸ்மாக் என்ற பெயரில் சில்லறைக் கடை நடத்துகிறது. கள்ளச் சாராயத்தின் லட்சணத்தையோ 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம்: மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் பலி. இதற்கெல்லாம் போராட்டம் உண்டு. அது வேறு மேடை. கடை மூடும் நாள்வரை பொறுத்திரு என்று இன்று கை நடுங்கும் தோழனிடம் சொல்ல முடியுமா?

நம்மூரில் என்ன செய்கிறோம்? புத்தி சொல்கிறோம். பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குகிறோம். கோயிலில் கயிறு கட்டுகிறோம். மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் தொடுவதில்லை. மாலை கழற்றிய அன்றே கடை வாசல். சத்தியத்தை மீறியவன் வெட்கப்படுகிறான். வெட்கத்தை மறக்க மறுபடி குடிக்கிறான். தெரியாமல் சோற்றில் பொடி கலந்து கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. தாய்மார்களே, அதைச் செய்யவே செய்யாதீர்கள். அப்படிப்பட்ட சில மருந்துகள் சாராயத்தோடு சேர்ந்தால் உயிர் போகும்.

நம் தோழர் ஒருவர், ஒப்பந்தக் கூலி. பெயர் வேண்டாம். மூன்று முறை சத்தியம் செய்தவர். நான்காவது முறை "என்னால் முடியவில்லை, தோழர்" என்றார். எனக்கு நம்பிக்கை பிறந்தது அந்த வார்த்தையில்தான். அவரை முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்துப் போனோம். காரணம் சொல்கிறேன். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். ஆகவே டாக்டரைக் கேட்காமல் வீட்டில் கட்டிப்போட்டு நிறுத்த வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. போகத் தயங்குகிறவர் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

உடம்பு தேறியபின் கூட்டத்தைத் தேடினோம். ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்கள் என்று யாரோ சொல்லப் போனால், கதவு பூட்டிக் கிடந்தது. திரும்பும் வழியில் கடை விளக்கு. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே அதைக் கடந்தார். மறுவாரம் சரியான இடமும் கிழமையும் விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம்.

இந்தக் கூட்டத்துக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்று பெயர். அமெரிக்காவில் டயர் ஆலைகள் நிறைந்த அக்ரான் நகரில் 1935-ல் இரண்டு குடிகாரர்கள் தொடங்கியது. ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் டாக்டர். இன்னொரு குடிகாரனோடு பேசிக்கொண்டிருந்தால் தனக்கும் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று தரகர் கண்டுகொண்டார். விஷயம் அவ்வளவுதான். 1957-ல் பம்பாய் வழியாக நம் நாட்டுக்கு வந்தது.

சந்தா கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. உள்ளே பத்துப் பன்னிரண்டு நாற்காலி, டீ. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார். மனைவியின் தாலியை அடகு வைத்த கதையைச் சொல்கிறார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் உபதேசம் செய்யவில்லை. ஆயுள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்ற சபதமும் இல்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு என்பதே கணக்கு. பேச விருப்பமில்லாதவர் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். நம் தோழர் மூன்று கூட்டம் வாயே திறக்கவில்லை.

அங்கே கடவுள் பேச்சு வருமே என்று இளந்தோழர் ஒருவர் கேட்டார். வரும். அவரவர் புரிந்துகொண்டபடி என்று விட்டுவிடுகிறார்கள். நம்பாதவரும் உட்காரலாம். டாஸ்மாக் கொள்கை பற்றி அங்கே பேச மாட்டார்கள். அதை நாம் இங்கே பேசிக்கொள்வோம். எல்லோருக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. மறுபடி விழுந்தவர்களும் அந்த நாற்காலிக்கே திரும்பி வருகிறார்கள், அவர்களை யாரும் விரட்டுவதில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு.

கிராமத் தோழர்கள், இது பட்டணத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையத்தார், திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் ஊராரின் ஒத்துழைப்போடு முகாம் போட்டே வைத்தியம் செய்திருக்கிறார்கள். இடமும் ஆளும் இருந்தால் பொன்னேரியிலும் நடக்கும்.

சங்கத்துக்கு நான் கேட்பது இரண்டு. சிகிச்சைக்குப் போகிறவருக்கு அந்த நாட்களில் வேலை போகாமல் ஒப்பந்தக்காரரிடம் பேச வேண்டும். முதல் நாலு கூட்டத்துக்கு ஒருவர் துணை போக வேண்டும். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அத்திப்பட்டு ரயில் நிலையத்தில் நான் நிற்பேன். வருகிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.