ஓர் ஊரின் தலைக்கணக்கு



"உங்கள் ஊரிலே எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று ஒருவர் நம்மை வினவினால் நாம் சற்றே திகைத்துப் போவோம். எத்தனை கோயில், எத்தனை குளம், எத்தனை குறிச்சி என்று கேட்டால் உடனே விடை சொல்வோம். தலைக்கணக்கு நமக்குத் தெரியாது. அதனைத் தெரிந்து வைத்திருப்பது அரசாங்கம். ஆனால், அரசாங்கம் எண்ணுகின்ற ஊரும் நாம் பிறந்து வளர்ந்த ஊரும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை.

நிருவாகத்தின் கண்ணுக்குப் புலப்படுவது கிராம அலுவலர் பிரிவு என்னும் அடிநிலை அலகேயாகும். பெரியதோர் ஊர் மூன்று நான்கு பிரிவுகளாகக் கூறுபட்டிருக்கும். சிற்றூர்கள் சில ஒரே பிரிவுக்குள் அடங்கித் தம் பெயரையும் இழந்திருக்கும். முன்னாளிலே இவ்வலகிற்கு அதிபதியாக விளங்கியவர் விதானையார். அவர் பெரும்பாலும் அவ்வூரவரே, செல்வாக்குள்ள குடும்பத்தவர். 1963ஆம் ஆண்டிலே அப்பதவி ஒழிக்கப்பட்டு, இடமாற்றம் பெறத்தக்க கிராம சேவகர் நியமிக்கப்பட்டார். பின்னர் அவரே கிராம அலுவலர் ஆனார். பெயர் இருமுறை மாறியும் யாழ்ப்பாணத்தவர் பலரின் வாயிலே அவர் இன்றும் விதானையார்தான்! 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது இலங்கையில் இத்தகைய பிரிவுகள் 14,022 இருந்தன. பிரிவொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,450 பேர்.

தலைக்கணக்கு ஒன்றே ஓரிடத்தின் அந்தஸ்தைத் தீர்மானிக்கின்றது என்று எண்ணிவிட வேண்டாம். நெடுந்தீவைப் பாருங்கள். அங்கே ஆறு பிரிவுகள் உள்ளன. ஆறிலும் சேர்த்து 2012இல் 5,000 பேர்தானும் இல்லை. இலங்கையிலே ஒரு பிரதேச செயலகப் பிரிவின் சராசரிக் குடித்தொகையோ அப்பொழுது 60,000க்கும் மேல். எனினும் நெடுந்தீவுக்கெனத் தனிப் பிரதேச செயலகம் உண்டு; தனிப் பிரதேச சபையும் உண்டு. காரணம் கடல். குறிகட்டுவான் துறையில் படகேறிச் செல்லவேண்டிய மக்களை, ஒவ்வொரு பத்திரத்துக்கும் மறுகரைக்கு வாவென்று அழைப்பது முறையாகுமா? கடல் கொந்தளிக்கும் நாளில் படகும் ஓடாது. எண்ணிக்கையைக் கடந்து தூரத்தையும் அரசு கணக்கில் எடுத்த நல்லதோர் உதாரணம் இது. கடல் சூழாத, ஆயினும் பேருந்து போகாத வன்னிக் காட்டுக் கிராமங்கள் இந்தப் பேற்றைப் பெறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இந்நாட்டின் முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடைபெற்றது. 1981ஆம் ஆண்டுக் கணக்கின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை 830,552. அதன் பின்னர் யுத்தம் மூண்டது. 2001இல் நடந்த மதிப்பு 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நிறைவேறியது. வடக்கு அதற்குள் அடங்கவில்லை. ஆக, முப்பத்தோர் ஆண்டுகளாக வடபுலத்து ஊர்களுக்கு முழுமையான தலைக்கணக்கே இல்லை. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, தானும் பெற்றோராகிவிடும் காலம் அது. 2012இல் மீண்டும் எண்ணியபோது யாழ்ப்பாணத்தில் 583,882 பேர்; 1984இல் தனி மாவட்டமாகப் பிரிந்த கிளிநொச்சியில் 113,510 பேர். இரண்டையும் கூட்டினாலும் பழைய தொகையில் 133,160 குறைகின்றது. அதே காலத்தில் இலங்கை முழுவதன் தொகை மூன்றிலொரு பங்குக்கு மேல் பெருகியிருந்தது. மாண்டவர், கடல் கடந்தவர், தெற்கே குடிபெயர்ந்தவர், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் எனப் பலரும் அக்குறைவுக்குள் இருக்கின்றனர்.

அந்த ஆண்டு எங்கள் அயலிலே, தனித்து வாழ்ந்த மூதாட்டியொருவரிடம் கணக்கெடுப்பாளர் வந்திருந்தார். "வீட்டில் எத்தனை பேர், அம்மா?" என்றார். அவர் ஐந்து என்றார். பிள்ளைகளின் பெயர்களை மூத்தவரிலிருந்து வரிசையாகச் சொன்னார். நால்வரும் வெளிநாட்டில். "இஞ்சை இருக்கிற ஆக்களைத்தான் எழுதலாம்" என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "காணியும் வீடும் அவையின்ரை பேரிலைதானே கிடக்கு, தம்பி?" என்று கேட்டார் கிழவி. கணக்கெடுப்பாளர் சொன்னது சட்டப்படி சரியே. அன்று அவ்வீட்டின் குடித்தொகை ஒன்று.

இவ்வாறு வீடுவீடாகக் குறைவது ஊரோடு நின்றுவிடுவதில்லை. குடிசன மதிப்பு வேறு, வாக்காளர் இடாப்பு வேறு எனினும், இடாப்பிலும் இலங்கையிலே வழக்கமாக வசிப்போர்க்கே இடமுண்டு. அதற்கான படிவத்துடன் படலையைத் தட்டுபவரும் பெரும்பாலும் கிராம அலுவலரே. ஒரு தேர்தல் மாவட்டத்துக்கு எத்தனை நாடாளுமன்ற உறுப்பினர் என்பது அந்த இடாப்பைக் கொண்டே வகுக்கப்படுகின்றது. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் பதினொரு ஆசனங்கள் இருந்தன. 2010இல் ஒன்பது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு.